கணவனைத் தேடிச் சிறைக்குப் போன மனைவி

கணவனைக் காணவில்லை. இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. அவன் செத்துப் போனான் என்று நண்பர்களே நம்பிவிட்டார்கள். மனைவி மட்டும் நம்பவில்லை.

அவன் நேர்மையானவன். மேலே இருப்பவன் செய்த அக்கிரமத்தை அம்பலப்படுத்தியவன். அதனால்தான் திடீரென்று மறைந்து போனான். அப்படியானால் அவன் எங்கே இருப்பான்? அந்த அக்கிரமக்காரன் கையில் இருக்கும் சிறையில்தான் இருப்பான். இதுதான் அவள் போட்ட கணக்கு.

அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை அவள். தலைமுடியை மறைத்தாள். ஆண் உடை தரித்தாள். பெயரை மாற்றிக்கொண்டாள். அந்தச் சிறைக்கே வேலைக்காரனாகப் போய்ச் சேர்ந்தாள்.

சாவித்திரி எமனிடம் வாதாடிக் கணவனை மீட்டாள். இந்தப் பெண் சிறை அதிகாரியின் மார்புக்கு நேரே துப்பாக்கியை நீட்டிக் கணவனை மீட்டாள்.

இது ஒரு பாட்டு நாடகத்தின் கதை. பாட்டு அமைத்தவர் பீத்தோவன். நாடகத்தின் பெயர் 'பிடேலியோ'. முழுக்காது கேட்காமல் போய்க்கொண்டிருந்த ஒரு மனிதர், கேட்கிறவர்கள் காதைத் திறப்பதற்காகச் செய்த நாடகம் இது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உலக மேடைகளில் நடந்து வருகிறது. இது நமக்கு என்ன சொல்கிறது என்று இன்று பார்ப்போம்.

ஆப்பரா என்றால் என்ன?

வசனத்துக்குப் பதிலாகப் பாட்டாலேயே கதையை நடத்துவது ஆப்பரா. மேடையில் நடிகர்கள் பாடி நடிப்பார்கள். மேடைக்கு முன்னால் பள்ளத்தில் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து வாசிப்பார்கள். நம் பழைய இசை நாடகங்களைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

இது இத்தாலி நாட்டில் 1600-ம் ஆண்டை ஒட்டிப் பிறந்தது. முதலில் பிரபுக்களின் அரண்மனைகளில்தான் நடந்தது. 1637-ல் வெனிஸ் நகரில் ஒரு கொட்டகை திறந்தார்கள். டிக்கெட் வாங்கிய எவரும் அங்கே உள்ளே போகலாம். அன்றோடு ஆப்பரா அரண்மனையை விட்டுத் தெருவுக்கு வந்துவிட்டது.

"அது பணக்காரர் சமாசாரம். நமக்கு எதற்கு?" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. வியன்னா நகரத்துப் பெரிய ஆப்பரா மாளிகையில் இன்றும் நின்றுகொண்டு பார்க்கிறவர்களுக்கு மலிவு டிக்கெட் உண்டு. வரிசையில் நின்று அந்த டிக்கெட்டை வாங்கி, கால் வலிக்க நின்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம்.

"பாஷை புரியாதே!" என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் இப்போது வழி இருக்கிறது. 1983-ல் கனடா நாட்டு டொரன்டோ நகரில் மேடைக்கு மேலே ஒரு திரை கட்டினார்கள். பாட்டின் பொருளை அதில் எழுத்தில் காட்டினார்கள். இன்று உலகம் முழுவதும் அந்த வழக்கம் பரவிவிட்டது.

ஆனால் பிடேலியோவுக்குப் பாஷை கூட அவ்வளவு முக்கியமில்லை. கதை தெரிந்தால் போதும். மற்றதைக் காது பார்த்துக்கொள்ளும்.

கதை எங்கிருந்து வந்தது?

பிரான்சில் புரட்சி நடந்த காலம். ராஜாவின் தலையை வெட்டினார்கள். பிறகு ஒருவர் தலையை ஒருவர் வெட்டத் தொடங்கினார்கள். சந்தேகப்பட்டவர்களையெல்லாம் சிறையில் போட்டார்கள்.

அந்த நாட்களில் தூர் என்ற ஊரில் அதிகாரியாக இருந்தவர் பூயி. அங்கே ஒரு பெண் வேடம் மாறிப் போய்ச் சிறையிலிருந்து கணவனை மீட்டாள் என்றும், அதைத்தான் நாடகமாக எழுதியதாகவும் அவர் பிற்பாடு சொன்னார். 'லியோனோர், அல்லது மனைவியின் அன்பு' என்பது அவர் வைத்த பெயர். 1798-ல் பாரிஸ் நகரில் அது பாட்டு நாடகமாக மேடையேறியது.

பிரான்சில் நடந்ததைப் பிரான்சில் நடந்ததாகக் காட்டினால் ஆபத்து. ஆகவே கதையை ஸ்பெயின் நாட்டுக்கு மாற்றிவிட்டார். உண்மையைச் சொல்ல வேண்டியவர்கள் எல்லாக் காலத்திலும் செய்கிற தந்திரம்தான் இது.

வியன்னாவில் இருந்த பீத்தோவன் இந்தக் கதையை எடுத்துக்கொண்டார். அவர் எழுதி முடித்த ஒரே ஆப்பரா இதுதான்.

நாலு பேர், ஒரே மெட்டு

திரை தூக்கியதும் சிறைச்சாலை முற்றம். ஆனால் பயங்கரம் ஒன்றும் இல்லை. ஜெயிலர் ராக்கோவின் மகள் மார்செலின் துணி தேய்த்துக்கொண்டிருக்கிறாள். வாயில் காப்போன் ஜாக்கினோ, "என்னைக் கல்யாணம் செய்துகொள்" என்று அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறான். பாட்டும் துள்ளலாக இருக்கிறது.

மார்செலினுக்கு ஜாக்கினோவைப் பிடிக்கவில்லை. புதிதாக வேலைக்கு வந்த பிடேலியோ மீது ஆசை. பிடேலியோ என்றால் விசுவாசம் உள்ளவன் என்று பொருள். அவன் ஆண் அல்ல, வேடம் போட்ட லியோனோர் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஜெயிலருக்கும் பிடேலியோவைப் பிடித்துவிட்டது. மருமகனாக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்.

இந்த இடத்தில்தான் பீத்தோவன் தம் கைவரிசையைக் காட்டுகிறார்.

நாலு பேரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். மார்செலின் மெதுவாக ஒரு மெட்டைத் தொடங்குகிறாள். அதே மெட்டை அடுத்து லியோனோர் எடுக்கிறாள். பிறகு ராக்கோ. கடைசியில் ஜாக்கினோ. மெட்டு ஒன்று. மனம் நாலு.

மகள் மனத்தில் காதல். லியோனோர் மனத்தில் பயம். தகப்பன் மனத்தில் சந்தோஷம். ஜாக்கினோ மனத்தில் வயிற்றெரிச்சல்.

வசன நாடகத்தில் நாலு பேர் ஒரே சமயத்தில் பேசினால் என்ன ஆகும்? சந்தைக் கூச்சலாகிவிடும். ஒரு வார்த்தையும் காதில் விழாது. இங்கே நாலு பேரும் ஒன்றாகப் பாடுகிறார்கள். இனிமையும் குறையவில்லை. யார் மனத்தில் என்ன இருக்கிறது என்பதும் மறையவில்லை.

ஒரே வீட்டுக்குள் ஒருவர் மனம் ஒருவருக்குத் தெரியாமல் நாலு பேர் வாழ்கிறோமே, அதை வேறு எந்தக் கலையாலும் இப்படிக் காட்ட முடியாது. பாட்டில் கதை சொல்வதன் பலம் இதுதான்.

கொலை வேண்டாம், குழி சரி!

சிறையின் கவர்னர் பிசாரோ. அவன்தான் வில்லன். அவனுக்கு ஒரு கடிதம் வருகிறது. "நீ சிலரை அநியாயமாக அடைத்து வைத்திருப்பதாக மந்திரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. திடீரென்று சோதனைக்கு வருகிறார்" என்பது செய்தி.

பிசாரோ நடுங்குகிறான். பாதாள அறையில் கிடக்கும் புளோரஸ்டான் மந்திரியின் கண்ணில் பட்டால் தன் கதி என்ன? அதற்குள் அவனைத் தீர்த்துவிட வேண்டும்! கோபுரத்தில் ஓர் எக்காளக்காரனை நிறுத்துகிறான். மந்திரியின் வண்டி தெரிந்தவுடன் ஊத வேண்டும் என்று உத்தரவு.

பிறகு ஜெயிலர் ராக்கோவைக் கூப்பிடுகிறான். பணப்பையைத் தூக்கிப் போடுகிறான். "அவனைக் கொன்றுவிடு" என்கிறான்.

ராக்கோ கெட்டவர் அல்ல. மகள் மீது உயிர். கொஞ்சம் காசு ஆசை உண்டு. காசில்லாமல் குடும்பம் நடக்காது என்று முன்னமே ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். ஆனால் கொலை செய்ய அவருக்கு மனம் வரவில்லை. "அது என் வேலையல்ல" என்று மறுத்துவிடுகிறார்.

பிசாரோ யோசிக்கிறான். "சரி, கொலையை நான் செய்கிறேன். நீ குழியை மட்டும் வெட்டு" என்கிறான்.

அதற்கு ராக்கோ ஒப்புக்கொள்கிறார்! பட்டினியால் துடிப்பவனுக்குச் சாவே விடுதலைதானே என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்.

வாசகர்களே, இந்த இடத்தைக் கவனித்து வையுங்கள். பிறகு இதற்கு வருவோம்.

வெளிச்சம் கண்ட கைதிகள்

மறைந்து நின்ற லியோனோர் இதைக் கேட்டுவிடுகிறாள். கொதிக்கிறாள். கோபத்தில் தொடங்கும் அவள் பாட்டு, நம்பிக்கையில் வந்து முடிகிறது. மூன்று கொம்புகள் அவள் குரலோடு சேர்ந்து ஒலிக்கின்றன. அவள் தனியாள். துணைக்கு ஒருவரும் இல்லை. கொம்புகள்தான் அவளுக்குத் துணைப்படை.

கைதிகளைக் கொஞ்ச நேரம் வெயிலில் விடும்படி அவள் ராக்கோவைக் கெஞ்சுகிறாள். அவரும் இசைகிறார்.

கதவுகள் திறக்கின்றன. கைதிகள் ஒவ்வொருவராக வெளியே வருகிறார்கள். வாத்தியங்கள் கீழேயிருந்து மேலே மெல்ல மெல்ல ஏறுகின்றன. கண் கூசிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களின் நடை அந்தச் சங்கீதத்தில் இருக்கிறது. திறந்த வெளிக் காற்றை மூச்சு நிறைய இழுப்பதைப் பற்றிப் பாடுகிறார்கள்.

குரல் உயர்கிறது. விடுதலை என்ற சொல் வாயில் வந்துவிடுகிறது. உடனே ஒரு கைதி மற்றவர்களை எச்சரிக்கிறான். சுவருக்கும் காது உண்டு, மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்கிறான். பாட்டு அடங்கி முணுமுணுப்பாகிவிடுகிறது.

இத்தனை பேர் ஒன்றாகப் பாடும் பாட்டு உரத்துத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்போம். பீத்தோவன் அதை அடக்கி வைத்தார். பயந்தவன் எப்படிப் பாடுவான் என்பது அவருக்குத் தெரியும்.

பிசாரோ வந்து சத்தம் போடுகிறான். கைதிகள் மறுபடி இருட்டுக்குள் போகிறார்கள். திரை விழுகிறது.

பாதாள அறை

இரண்டாம் அங்கம். ஒரே இருட்டு. முரசுகள் இரண்டு சுரங்களில் அதிர்கின்றன. ஒன்றோடொன்று சேராத சுரங்கள். அதைக் கேட்டாலே நெஞ்சு திக்கென்கிறது.

கதாநாயகன் புளோரஸ்டானை இப்போதுதான் முதல் முதலாகப் பார்க்கிறோம். ஆட்டம் பாதிக்கு மேல் ஆகிவிட்டது. சங்கிலியில் கிடக்கிறான். கடவுளைக் கூவி அழைக்கிறான். உண்மையைச் சொன்னேன், அதற்குப் பரிசு இந்தச் சங்கிலி என்று பாடுகிறான்.

பிறகு பசி மயக்கத்தில் ஒரு காட்சி காண்கிறான். தேவதை ஒருத்தி வருகிறாள். அவள் முகம் தன் மனைவியின் முகம்! அப்போது ஓபோ என்ற வாத்தியம் அவன் குரலைச் சுற்றி வருகிறது. நம் நாதசுரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதுகிற வாத்தியம் அது. அவன் பாட, அது மேலே மேலே அழைத்துப் போகிறது. கடைசியில் அவன் களைத்து விழுகிறான்.

ராக்கோவும் லியோனோரும் குழி வெட்ட இறங்கி வருகிறார்கள். கனமான பெரிய குழல்கள் கீழ்ச் சுருதியில் உறுமுகின்றன. மண்ணைத் தோண்டுவது போலவே இருக்கிறது சங்கீதம்.

மூலையில் ஒருவன் கிடக்கிறான். இருட்டில் முகம் தெரியவில்லை. தன் கணவன்தானா? அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அந்த நேரத்தில் அவள் ஒரு முடிவுக்கு வருகிறாள். அவன் யாராக இருந்தாலும் சரி, அவனைக் காப்பாற்றியே தீருவேன் என்று உறுதி பூணுகிறாள்.

இந்த நாடகத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தன் கணவனைத் தேடி வந்தவள், இங்கே எந்த மனிதனுக்காகவும் உயிரைக் கொடுக்கத் தயாராகிவிட்டாள். தன் வீட்டுக்காரனுக்காகத் துணிவது பெரிய காரியம்தான். முகம் தெரியாதவனுக்காகத் துணிவது அதைவிடப் பெரிய காரியம்.

எக்காளம் ஒலித்தது!

அவன் முகத்தைத் தூக்கிப் பார்க்கிறான். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன்தான்! ஆனால் வாய் திறக்க முடியாது. ஒரு துண்டு ரொட்டியை அவன் கையில் கொடுக்கிறாள். யாரோ ஒரு நல்ல பையன் என்று நினைத்து அவன் நன்றி சொல்கிறான்.

பிசாரோ கத்தியோடு வருகிறான். ஓங்குகிறான். லியோனோர் குறுக்கே பாய்கிறாள். முதலில் இவன் மனைவியைக் கொல் என்று கத்துகிறாள்.

எல்லோரும் திகைக்கிறார்கள். பையன் என்று நினைத்தவள் பெண்! பிசாரோ சுதாரித்துக்கொண்டு மறுபடி பாய்கிறான். அவள் துப்பாக்கியை எடுத்து நீட்டுகிறாள்.

அந்தக் கணத்தில் கோபுரத்திலிருந்து எக்காளம் ஒலிக்கிறது. மந்திரி வந்துவிட்டார்!

பாட்டு நிற்கிறது. மேடையே உறைந்து நிற்கிறது. மேடைக்கு வெளியே எங்கோ தூரத்தில் ஓர் எக்காளம் மட்டும். மிக எளிய சுரங்கள். சிறு பிள்ளை கூடத் திருப்பிப் பாடிவிடும். இருட்டுக்குள் ஒரு ஜன்னல் திறந்தது போல் இருக்கிறது. எக்காளம் மறுபடியும் ஒலிக்கிறது.

கடைசிக் காட்சி திறந்த வெளி, நல்ல வெயில். ஊரே கூடி நிற்கிறது. ராக்கோ உண்மையைச் சொல்கிறார். மந்திரி சாவியை லியோனோர் கையில் கொடுக்கிறார். கணவனின் விலங்கை அவளே கழற்றுகிறாள். அப்போது ஓபோ மறுபடி பாடுகிறது.

அந்த மெட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. பீத்தோவன் 1790-ல், தம் 19-வது வயதில், காலமான ஜோசப் சக்கரவர்த்திக்காக ஒரு பாட்டுத் தொகுதி எழுதினார். அது அவர் வாழ்நாளில் அரங்கேறவே இல்லை. அதில் இருந்த மெட்டைத்தான் இங்கே எடுத்து வைத்தார். அடைபட்டுக் கிடந்த மெட்டுக்கும், அடைபட்டுக் கிடந்த மனிதனுக்கும் ஒரே நேரத்தில் விடுதலை!

தோற்றும் விடவில்லை

இவ்வளவு நல்ல நாடகம் முதல் நாளே வெற்றி பெற்றிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. படுதோல்வி!

1805-ல் வியன்னா தணிக்கை அதிகாரிகள் முதலில் தடை போட்டார்கள். கதை எப்போதோ 16-ம் நூற்றாண்டில் ஸ்பெயினில் நடப்பது என்று எடுத்துச் சொல்லித்தான் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

அதற்குள் நெப்போலியன் படை நகரத்தைப் பிடித்துவிட்டது. ரசிகர்களில் பலர் ஊரை விட்டு ஓடிவிட்டார்கள். நவம்பர் 20-ந் தேதி அரங்கேற்றத்துக்கு வந்து உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு ராணுவ அதிகாரிகள். அவர்களுக்கு ஜெர்மன் பாஷை தெரியாது. மூன்று ஆட்டத்தோடு நின்றுவிட்டது.

நண்பர்கள் கெஞ்சினார்கள். பீத்தோவன் நாடகத்தைச் சுருக்கினார். 1806-ல் மறுபடி மேடையேறியது. அதுவும் நிலைக்கவில்லை. கொட்டகை நிர்வாகத்தோடு தகராறு ஏற்பட்டது. எழுதிய தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1814 மே 23-ந் தேதி மூன்றாவது முறையாகத் திருத்திய நாடகம் மேடையேறியது. முதலில் பாதாள அறையிலேயே முடிந்த கதையை இப்போது வெயிலுக்குக் கொண்டு வந்திருந்தார். ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள்.

அன்று வாத்திய கோஷ்டியை நடத்தியவர் பீத்தோவனே. ஆனால் அவர் காது பெரும்பாலும் போய்விட்டது. அவர் பின்னால் உம்லாப் என்பவர் நின்று, கண்ணாலும் கையாலும் சைகை காட்டி வாத்தியக்காரர்களை நேராக நடத்திச் சென்றார். முன்னால் நின்றவருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

இந்த ஒரு நாடகத்துக்கு அவர் எழுதிய முன்னிசைகள் மட்டும் நாலு. அவற்றில் ஒன்று 'லியோனோர் மூன்றாம் முன்னிசை'. வார்த்தை ஒன்று கூட இல்லை. பாடுகிறவர் ஒருவரும் இல்லை. வாத்தியம் மட்டும்தான். ஆனால் இருட்டு, ஏக்கம், போராட்டம், எக்காளம், வெற்றி என்று முழுக் கதையும் கால் மணி நேரத்துக்குள் அதில் வந்துவிடுகிறது. அது கதையை முன்னாலேயே சொல்லிவிடுகிறது என்று 1814-ல் அவரே வேறு ஒன்றை எழுதிக்கொண்டார். இன்று அதைத் தனியாகவே கச்சேரிகளில் வாசிக்கிறார்கள்.

மேடையில் நடந்தது, வெளியிலும் நடந்தது

1945-ல் குண்டு விழுந்து வியன்னா ஆப்பரா மாளிகை எரிந்தது. போர் முடிந்த பின் பத்து ஆண்டுகள் அந்த நாடு அன்னியப் படைகளின் கையில் இருந்தது. 1955-ல் ஆஸ்திரியாவுக்குச் சுதந்திரம் திரும்பியது. அதே ஆண்டு நவம்பர் 5-ந் தேதி, திரும்பக் கட்டிய மாளிகையைத் திறந்தார்கள். முதல் நாள் போட்ட நாடகம் பிடேலியோ. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வெளியே நின்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள்.

1989-ல் கிழக்கு ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் பிடேலியோ நடந்தது. அக்டோபர் 7-ந் தேதி. அந்த அரசாங்கத்தின் 40-வது ஆண்டு விழா நாள். மேடையில் முள்கம்பி வேலி! அந்த வாரம் முழுவதும் ஊர்த் தெருக்களில் போலீசுக்கும் ஜனங்களுக்கும் மோதல். கைதிகள் பாட்டு முடிந்ததும் கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. அடுத்த மாதம் 9-ந் தேதி பெர்லின் சுவர் திறந்தது.

இதைக் கேட்டவுடன், "பாட்டு சுவரை இடித்துவிட்டது" என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்வது அழகாக இருக்கும். ஆனால் அது முழு உண்மையல்ல.

ஏனென்றால், ஹிட்லர் ஆட்சியிலும் ஜெர்மனியில் இந்த நாடகம் நடந்தது! லட்சக்கணக்கானவர்களைச் சிறை முகாம்களில் அடைத்து வைத்திருந்த காலம். அப்போதும் அங்கே கொட்டகையில் உட்கார்ந்து கைதிகளின் பாட்டைக் கேட்டவர்கள் உண்டு. கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

பாட்டு சுவரை இடிக்காது. கேட்கிறவன் மனத்தைத் தட்டும். கதவைத் திறப்பதும் திறக்காததும் அவன் கையில் இருக்கிறது.

ராக்கோ யார்?

இப்போது ஜெயிலர் ராக்கோவுக்கு வருவோம்.

லியோனோரைப் போன்ற வீராங்கனைகள் உலகத்தில் சிலர். பிசாரோவைப் போன்ற பாதகர்களும் சிலர்தான். மீதிப் பேர் யார்? ராக்கோக்கள்!

ராக்கோவுக்குக் குடும்பம் இருக்கிறது. சம்பளம் வேண்டும். மேலதிகாரியைப் பகைத்துக்கொள்ள முடியாது. கொலை செய்யமாட்டார். ஆனால் குழி வெட்டுவார். "நான் என்ன செய்தேன்? மண்ணைத்தானே தோண்டினேன்?" என்று சொல்லிக்கொள்வார்.

பிசாரோவுக்கு இரண்டு கைதான் உண்டு. பூட்டுவதற்கும், உணவைக் குறைப்பதற்கும், குழி தோண்டுவதற்கும் அவனுக்கு மற்றவர் கை வேண்டும். ராக்கோ மறுத்திருந்தால் பிசாரோவின் காரியம் அன்றே நின்றிருக்கும்.

பொய்க் கணக்கு என்று தெரிந்தே எழுதிக் கொடுக்கிற குமாஸ்தா குழி வெட்டுகிறார். பக்கத்து வீட்டில் மருமகளை அடிக்கிற சத்தம் கேட்டும் ஜன்னலைச் சாத்துகிறவர் குழி வெட்டுகிறார். யாரோ ஒருவர் மீது அபாண்டம் என்று தெரிந்தும் அதை நாலு பேருக்குச் சொல்கிறவர் குழி வெட்டுகிறார். இவர்களில் ஒருவரும் கொலைகாரர் அல்ல. ஆனால் குழி ஆழமாகிக்கொண்டே போகிறது.

பீத்தோவன் ராக்கோவைக் கேலி செய்யவில்லை. அவருக்கும் நல்ல பாட்டுக் கொடுத்தார். பாதாள அறையில் பசித்தவனுக்கு மது கொடுக்கிறவரும் ராக்கோதான். ரொட்டி கொடுக்க அனுமதிப்பவரும் அவர்தான். கடைசியில் மந்திரியிடம் உண்மையைச் சொல்கிறவரும் அவர்தான்.

அவரை மாற்றியது எது? பக்கத்தில் நின்று மண் தோண்டிய பிடேலியோ! அந்தப் "பையன்" கெஞ்சிக் கேட்டதால் ரொட்டிக்கு இசைந்தார். துணிச்சல் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் பயந்தவருக்கும் கொஞ்சம் துணிச்சல் வந்துவிடுகிறது. இதுவும் இந்தக் கதை சொல்லும் பாடம்.

வீட்டில் கேளுங்கள்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைத்தால் இதைக் குடும்பத்தோடு கேட்டுப் பாருங்கள். இன்று கையில் இருக்கும் போனிலேயே கேட்க முடியும். காசு செலவு அதிகமில்லை.

முழு நாடகம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். முதல் நாளே முழுவதும் கேட்க வேண்டாம். நாலு இடங்கள் போதும்.

முதலாவது, நாலு பேர் ஒரே மெட்டைப் பாடும் இடம். குழந்தைகளிடம், "யார் சந்தோஷமாகப் பாடுகிறார்? யார் பயந்து பாடுகிறார்?" என்று கேளுங்கள்.

இரண்டாவது, கைதிகள் வெளிச்சத்துக்கு வரும் பாட்டு. எந்த இடத்தில் குரல் அடங்குகிறது என்று கவனியுங்கள்.

மூன்றாவது, பாதாள அறையில் புளோரஸ்டான் பாட்டு. ஓபோ எப்போது வந்து சேர்கிறது என்று பாருங்கள்.

நாலாவது, லியோனோர் மூன்றாம் முன்னிசை. எக்காளம் இரண்டு முறை வரும். அதற்காகக் காத்திருங்கள்.

கதையை முதலில் பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள். பிறகு கேட்கச் சொல்லுங்கள். ராகம் தெரியாது, தாளம் தெரியாது என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். வயலின் எது, கொம்பு எது என்று தெரியாமல் போனாலும் பரவாயில்லை. அழுகைக்கும் சிரிப்புக்கும் வித்தியாசம் தெரிந்த காது போதும். அது எல்லாருக்கும் இருக்கிறது.

கேட்டு முடித்ததும் ராக்கோவைப் பற்றி வீட்டில் பேசுங்கள். அவர் குழி வெட்டியது சரியா? அவர் இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம்? பெரியவர்கள் பதில் சொல்லத் தயங்கினால் பிள்ளைகளைச் சொல்லவிட்டுக் கேளுங்கள். அவர்கள் பதில் நேராக இருக்கும்.